முகடு இல்லாத பந்தல்

சென்ற மாதம் ஒரு வெள்ளைக்காரர் என்னைத் தன் வீட்டு முற்றத்திலிருந்து வெளியே போகச் சொன்னார். நியாயமாகத்தான் சொன்னார். அவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. பஸ் எடுக்கப் போகிற வழியில், அவருடைய வேலிக்கு உள்ளே ஒரு நீலத் தறப்பாள், அதுதான் தார்ப்பாய், நடுவில் குழி விழுந்து, மழைத்தண்ணீர் தேங்கி, வயிறு தொங்கிக் கிடந்ததைக் கண்டேன். கண்டதும் கால் கேட்கவில்லை. கேற்றைத் திறந்து உள்ளே போய்க் கதவைத் தட்டினேன். மாரிகாலத்தில் படகை மூடுவதென்றால் முதலில் நடுவில் ஒரு முகடு வேண்டும், இரண்டு பக்கமும் நல்ல சரிவு வேண்டும், தறப்பாளை வெறுமனே மேலே விரித்துவிட்டு வீட்டுக்குள் போய்த் தேநீர் குடிப்பது படகுக்குச் செய்கிற துரோகம் என்று பத்து நிமிடம் விரிவுரை ஆற்றினேன். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கூரை செய்தும் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அது படகு இல்லை, வெந்நீரில் குளிக்கிற தொட்டி என்றார். அதற்குப் பிறகுதான் வெளியே போகச் சொன்னார்.

ஐம்பதைத் தொட்டுவிட்ட, நாலு புத்தகம் படித்த, முழங்காலுக்கு மாத்திரை போடுகிற ஒரு பெண் இப்படி நடந்துகொண்டால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இருக்கிறது. என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் அதைச் சொல்லலாம். எண்பதுகளில் இந்த லண்டனில் வளர்ந்து, பெரியவர்களுக்கு இங்கிலீஷை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்ததற்கும் ஏச்சு வாங்கியவர்கள் நாம். என் பிள்ளைகளிடம் இந்தக் கதையைத் தொடங்கினால் "அம்மா, லெட் இட் கோ" என்கிறார்கள். ஏன் விட வேண்டும்? முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக விடாமல் பிடித்திருக்கிறேன். இவ்வளவு காலம் என்னோடு இருந்த வேறு எதுவும் இல்லை, முழங்கால் உட்பட.

அப்போது எனக்குப் பதினொரு வயது. லண்டனில் மிச்சம் என்று பெயர் கொண்ட பகுதியில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளில் ஒன்றில் இருந்தோம். தெருவின் கடைசி வீட்டில் ஓர் ஆங்கிலக் கிழவர். அவர் கடற்கரைப் பக்கம் மகளோடு போய் இருக்கப் போகிறார் என்று சாமான்களைத் தெருவுக்குப் பங்கு போட்டார். பக்கத்து வீட்டுக்குப் புல் வெட்டுகிற மெஷின் போனது. எதிர் வீட்டுக்கு ஏணி. எங்களுக்குப் படகு.

அப்பா பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற நேரம் கிழவர் அவரை மறித்திருக்க வேண்டும். ஒரு ஞாயிறு காலை, சக்கரம் பூட்டிய வண்டியில் ஏற்றிய பன்னிரண்டு அடி மரப் படகை இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் முன்முற்றம் பத்து அடி. மிச்சம் இரண்டு அடி மூக்கு மதிலுக்கு மேலால் நடைபாதையை எட்டிப் பார்த்தது. தபால்காரர் அன்றிலிருந்து பக்கவாட்டில்தான் நடந்தார்.

அம்மா கதவில் நின்றார்.

"இஞ்சாருங்கோ, உதென்ன?"

"வள்ளம்."

"வள்ளமெண்டு எனக்குத் தெரியாதே? ஆருடைய?"

"எங்கடை."

"எங்கட பரம்பரையில ஆர் வள்ளம் வைச்சிருந்தது? சனம் பாத்தா என்ன நினைக்குங்கள்?"

அந்தக் கேள்விக்குள் எந்தச் சாதி எந்தச் சாதியைப் பார்த்து மூக்கைச் சுளித்தது என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது, விளங்கியதில் ஒரு சந்தோஷமும் இல்லை. பாத்திரம் கழுவியும் பெற்றோல் விற்றும் பிழைத்துக்கொண்டு, கடலில் போகிறவனைவிட நாங்கள் ஒரு படி மேல் என்கிற நினைப்பை மட்டும் சூட்கேசில் மடித்துக் கொண்டு வந்திருந்தோம்.

கடைசியில் அம்மா ஒரு தவணை கொடுத்தார். "சித்திரை வருசம் வரும் மட்டும் பாப்பன். அதுக்குள்ள உது உக்காமல் உடையாமல் இருந்தா வைச்சிருங்கோ. ஒரு ஓட்டை விழுந்துதோ, அண்டைக்கே கவுன்சில்காரரைக் கூப்பிட்டு ஏத்திவிட்டிருவன்."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்தேன். "அப்பா, கோடைக்கு ஆத்தில கொண்டுபோய் விடுவமா?"

"பாப்பம்" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிள், நாய்க்குட்டி, பள்ளிக்கூடத்துப் பிரான்ஸ் பயணம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள்தான் போய் அடங்கின. ஆனாலும் இதை நான் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையோடு ஏறிப் படகுக்குள் இருப்பேன். பழைய வார்னிஷும் ஈரக் கயிறும் கலந்த ஒரு மணம். துடுப்பு பூட்டுகிற பித்தளை வளையங்கள் பச்சை பிடித்திருந்தன. அம்மாவின் புளியை எடுத்துத் தேய்த்தேன், பளிச்சென்று வந்தன. ஆசனத்துக்கு அடியில் தண்ணீர் இறைக்கிற பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. மூடியில் நாய் படம், நாய்க்கு ஒரு காது துருப்பிடித்துப் போயிருந்தது. அந்த டின் இப்போது எங்கே என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நான் உண்மையாகவே கேட்கிறேன்.

கிழவர் ஊரை விட்டுப் போகிற அன்று விடைபெற வந்தார். மாரி தொடங்க முன் படகுக்கு மேல் ஒரு சட்டம் அடிக்க வேண்டும், நடுவில் முதுகெலும்பு மாதிரி நீளமான தடி, அதிலிருந்து இரண்டு பக்கமும் சரிவு, தண்ணீர் ஒரு துளி நிற்கக் கூடாது, நின்றால் உறைந்து பலகையைப் பிளக்கும் என்று சொன்னார். அவரும் கைகளைக் கூரை மாதிரி சேர்த்துத்தான் காட்டினார். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் அப்பாவும் பெரியப்பாவும்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தமையன். அந்த வருடம்தான் ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்து எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். ஊரில் ரோட்டுப் போடுகிற திணைக்களத்தில் வேலையாட்களை மேற்பார்க்கிற ஓவசியர். அதைவிட, கோயில் திருவிழாவோ கலியாணமோ எதுவானாலும் பந்தல் என்றால் அவர்தான் என்று பெயர். ஒரே ஒரு சூட்கேஸ் கொண்டுவந்தவர், அதற்குள் பிளனல் துணியில் சுற்றி ஒரு ரசமட்டம் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக் குமிழி நடுவில் வந்து நின்றால் தளம் மட்டம் என்று காட்டுகிற அந்தக் கருவிதான். மனிதர் உயிர் தப்ப ஓடும்போது கையில் எடுத்தது அது.

கிழவர் சொன்னதை நான் சொல்லி முடித்ததும் பெரியப்பா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"உது அவர் சொல்றாரோ, நீ சொல்றியோ?"

"அவர்தான் சொல்றார், பெரியப்பா."

"நீ போன மாசம் ரீச்சர் சொன்னதெண்டு சொன்னதும் இப்பிடித்தானே?"

உண்மையை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு நாளில், ஆசிரியை என் கணக்கைப் பற்றிச் சொன்னதை நான் சற்றுத் தாராளமாக மொழிபெயர்த்திருந்தேன். "கவனக்குறைவு" என்பது "வேகம்" ஆயிற்று. "வாயாடி" என்பது "தலைமைக் குணம்" ஆயிற்று. எழுத்தில் ரிப்போர்ட் வந்ததோடு என் மதிப்புப் போய்விட்டது. அது வேறு, இது வேறு அல்லவா? ஒரு தடவை கூட்டிக் குறைத்துச் சொன்னவள் வாழ்நாள் முழுவதும் பொய்க்காரியா?

அப்பா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அண்ணை பார்த்துக்கொள்வார் என்று உள்ளே போய்ப் பேப்பர் எடுத்தார்.

சொல் எடுபடவில்லை என்றால் ஆதாரம் காட்டலாம் என்று நினைத்தேன். ஐஸ்கிரீம் குச்சிகளால் இரண்டு சட்டம் செய்து, பாண் ரொட்டி சுடுகிற இரண்டு தகரத் தட்டுகளுக்கு மேல் வைத்தேன். ஒன்று தட்டை, ஒன்று முகடு வைத்தது. இரண்டுக்கும் பிளாஸ்டிக் பை போர்த்தி, எல்லாரையும் முன்னறைக்குக் கூப்பிட்டு, ஜக்கால் தண்ணீர் ஊற்றினேன். தட்டைச் சட்டத்தின் மேல் குளம் கட்டி, குச்சிகள் வளைந்து, அத்தனையும் தட்டுக்குள் விழுந்தது. முகட்டுச் சட்டத்தின் மேல் ஒரு துளி நிற்கவில்லை. எல்லாம் வழிந்து அம்மாவின் புதுக் கார்ப்பெட்டுக்குப் போனது. அறிவியல் வென்றது. எனக்குக் காதில் திருகு விழுந்தது.

"பொம்பிளைப் பிள்ளைக்குத் தச்சு வேலை என்னத்துக்கு?" என்றார் பெரியப்பா. "எத்தினை கலியாணப் பந்தல் போட்டனான். ஒண்டாவது விழுந்ததோ?"

விழுந்திருக்காது. ஆனி, ஆவணியில் ஊரில் போட்ட பந்தல்கள் அவை. மூன்று நாளில் அவிழ்க்கிற பந்தல்கள். ஐந்து மாதம் லண்டன் மழையில் நின்றவை அல்ல. இதை நான் அப்போதே சொன்னேன். அதற்குத் தனியாக ஏச்சு விழுந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் பந்தல் போட்டார். தெருவில் கொட்டிக் கிடந்த பழைய மரங்களைப் பொறுக்கி எட்டுக் கால் நிறுத்தினார். குறுக்கே கட்டில் சட்டங்கள். ஓர் ஆணி அடிக்கவில்லை. பந்தலுக்கு ஆணி அடிப்பது அவருக்குப் பாவம். கட்டத்தான் வேண்டும். உடுப்புக் காயப்போடுகிற பிளாஸ்டிக் கயிற்றால் கட்டினார், வழுக்குகிற கயிறு. படகுக்குள் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரம், ஏனென்றால் பந்தல் என்றால் ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டுமாம். படகு யாருக்காக நிமிரப்போகிறது? கடைசியில் ரசமட்டத்தை எடுத்து ஒவ்வொரு சட்டத்திலும் வைத்து வைத்துப் பார்த்தார். "ஒரு நூல் பிசகில்லை, பாத்தியோ" என்றார். உண்மை. அவ்வளவு மட்டமான தளத்தை நான் பிறகு எந்த ஊரிலும் கண்டதில்லை. எந்தப் பக்கம் வழிவது என்று தண்ணீருக்கே தெரியாத தளம்.

தறப்பாள் விரித்ததோடு நின்றாரா? இல்லை. பந்தலுக்கு உட்பக்கம் வெள்ளை கட்டாவிட்டால் அது பந்தலே இல்லை என்று அம்மாவின் நாலு வெள்ளைக் கட்டில் விரிப்புகளை எடுத்து உள்ளே இழுத்துக் கட்டினார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் நம்மவர்களுக்கு வாழையும் இல்லாமல் தோரணமும் இல்லாமல் வீட்டு வாசலில் வெறும் வெள்ளைப் பந்தல் என்றால் என்ன அர்த்தம்?

செவ்வாய்க்கிழமை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமி. செத்த வீட்டில் அடுப்பு எரிக்கமாட்டார்கள் என்று ஒரு கையில் இடியப்பப் பெட்டி, மற்றக் கையில் தேநீர் போத்தல். தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டும் வந்திருந்தார். வீட்டில் பிரஷர் வருத்தக்காரர் பெரியப்பா ஒருவர்தான் என்பதால் மாமியின் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும் என்று ஊகிக்கலாம். கதவைத் திறந்தவரும் பெரியப்பா.

"ஐயோ!" என்று மாமி சுவரில் சாய்ந்தார். "நீங்கள் இருக்கிறியளோ!"

"வேறை எங்கை போறது?"

"அப்ப ஆர்?"

"என்ன ஆர்?"

மாமி பந்தலைப் பார்த்தார், படகைப் பார்த்தார். "உதுக்கோ?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த வெறுப்பை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. பெரியப்பா மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை. இடியப்பத்தை மட்டும் சாப்பிட்டார்.

"அத்தான், உதைக் கழட்டுங்கோ" என்றார் அம்மா பெரியப்பாவிடம். அவர் கழற்றுவாரா? செத்த வீடு இல்லை என்று காட்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டு வேலியில் மாவிலை போலவே இருக்கிற ஏதோ ஓர் இலையைப் பறித்துக் கோத்து, பந்தல் நீளத்துக்குத் தோரணம் கட்டினார். மங்களமாகிவிட்டதாம்.

இப்போது நீங்களே யோசியுங்கள். பதினொரு வயதுப் பெண் பிள்ளை இருக்கிற வீட்டின் வாசலில் தோரணம் தொங்குகிற பந்தல்!

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என் கன்னத்தைக் கிள்ளினார். "எப்ப பிள்ளை தண்ணி வாக்கினம்? எங்களுக்குச் சொல்லேல்லை?" நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன், சாமத்தியவீடு வரப்போகிறது என்று வகுப்பு முழுவதும் முடிவு கட்டியிருந்தது. பின் பெஞ்சில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். ஒரு அன்ரி சோடிக் காப்பே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து நான் கத்தினேன், "நான் ஒண்டும் ஆகேல்லை! வள்ளமும் ஒண்டும் ஆகேல்லை!" என்று. பெரியவர்களுக்கு முன் பேசக்கூடாததைப் பேசினேன் என்று அதற்கும் ஏச்சு. அந்தப் பருவத்தில் எனக்கு விழுந்த ஏச்சுக்களை மட்டும் தனியாகத் தொகுத்தால் ஒரு நூலாகும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. தறப்பாள் முதல் வாரத்திலேயே தொய்ந்தது. குறுக்குச் சட்டங்களுக்கு இடையே மூன்று குளங்கள். வெள்ளை விரிப்புகள் ஊறிக் கனத்துச் சாம்பல் நிறமாகி, ஒரு புளித்த மணத்தோடு சொட்டின. நான் பெரியப்பாவுக்குக் காட்டினேன். "நனையாமல் என்ன, மழையெல்லோ" என்றார். அப்பாவுக்குக் காட்டினேன். "அண்ணையிட்டைச் சொல்லு" என்றார். அம்மாவுக்குக் காட்ட நான் முட்டாள் இல்லை. அவருக்கு ஓர் ஓட்டை போதும்.

ஆகவே நானே இறங்கினேன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு முன், தும்புத்தடியை, அதுதான் நீளக் காம்புத் துடைப்பத்தை, எடுத்துக்கொண்டு படகுக்குள் ஏறுவேன். தறப்பாளின் வயிற்றை அடியிலிருந்து மெல்லமெல்லத் தள்ள, தண்ணீர் விளிம்பால் சளாரென்று நடைபாதையில் கொட்டும். பாதி என் சட்டைக் கைக்குள்ளால் கமக்கட்டு வரைக்கும் இறங்கும். பிறகு அந்த நாய் மூடி டின்னால் படகுக்குள் நிற்பதை இறைப்பேன். இரண்டு மாதம். நனைந்த காலுறையோடுதான் அந்தப் பள்ளித் தவணை முழுவதும் படித்தேன். ஒருவரும் என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. படகு காய்ந்த படகாக இருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன், பலகைகள் இறுக்கமாக இருந்தன. சித்திரைக்கு இன்னும் எத்தனை கிழமை என்று கொப்பியின் பின்மட்டையில் கோடு கிழித்துவந்தேன்.

தைப்பொங்கலுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் எழும்ப விடவில்லை. மழை பெய்தது, பிறகு உறைந்தது. ஐந்தாம் நாள் காலை போய்ப் பார்த்தால், மூன்று குளமும் மூன்று ஐஸ் பாளம். நடுச் சட்டம் வில்லாக வளைந்து நின்றது. பாளத்தை விளிம்பு வரைக்கும் நகர்த்திவிட்டால் போதும் என்று நினைத்தேன். தும்புத்தடியால் ஒரு தள்ளு. ஆம், ஒப்புக்கொள்கிறேன், கடைசித் தள்ளு என்னுடையதுதான். முடிச்சு வழுக்கியது. ஒன்று வழுக்க, மற்றதும் வழுக்கியது. எட்டுக் காலும் நாலு விரிப்பும் தோரணமும் ஐஸும் ஒன்றாக வந்தன. நான் பின் ஆசனத்தில் நின்றதால் தப்பினேன். நடுப்பாளம் படகின் அடிப்பலகையில் விழுந்தது. அந்தச் சத்தம் பெரிதாக இருக்கவில்லை. யாரோ வீட்டுக்குள் ஒரு புத்தகத்தை மேசையில் போட்டது போல. கீழே பார்த்தேன். பலகைக்கு நடுவால் முற்றத்துச் சீமெந்து தெரிந்தது.

பெரியப்பா வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்தார். என்னைக் கண்டார், என் கையிலிருந்த தும்புத்தடியைக் கண்டார்.

"பாத்தியளோ! இடிச்சுப்போட்டாள்! ரெண்டு மாசம் மலை மாதிரி நிண்ட பந்தலை இடிச்சுப்போட்டாள்!"

விசாரணை அவ்வளவுதான். ரசமட்டத்தைக் கொண்டுவந்து விழுந்து கிடந்த ஒரு சட்டத்தில் வைத்து, இது இன்னும் நேராகத்தான் இருக்கிறது என்று அம்மாவுக்குக் காட்டினார். அப்பா வாசலில் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். "காயம் ஒண்டும் இல்லையே?" என்றார். அவ்வளவுதான். அடுத்த கிழமை கவுன்சில் லொறி வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வந்து பார்த்தபோது முற்றத்தில் இரண்டு சக்கரத் தடம்.

அன்றிலிருந்து நான் "வள்ளத்தை இடிச்சவள்". கலியாண வீடுகளில் அறிமுகமே அதுதான். "உவள்தான் அந்த வள்ளத்தை..." என்று தொடங்கிச் சிரிப்பார்கள். பட்டம் பெற்றேன், பொறியியல் அல்ல, ஆனாலும் பெற்றேன். நானும் கலியாணம் முடித்தேன். என் மணவறைக்குப் பக்கத்தில் யாரோ தும்புத்தடியை ஒளித்து வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

பெரியப்பா காலமாகிப் பல வருடம். அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது யோசிக்கும்போது சில விளங்குகிறது. அந்த மாரியில் அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி கழுவினார். தன் மகன் வயதுப் பையன்கள் விரல் சொடுக்கிக் கூப்பிடுவார்களாம். லண்டன் முழுவதிலும் அவருடைய சொல் செல்லுபடியான இடம் எங்கள் முற்றத்தின் அந்தப் பத்து அடிதான். விளங்குகிறது. விளங்கியதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முகடு வைத்திருக்க வேண்டும்.

வெந்நீர்த் தொட்டிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நேரே அப்பாவிடம் போனேன். அம்மா வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போயிருந்தார். கவுன்சில் கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு சட்டத்தையும் வரைந்தேன். மழையை அம்புக்குறியாகப் போட்டேன். கிழவர் சொன்னது, நான் மொழிபெயர்த்தது, தகரத் தட்டு, இரண்டு மாதத் தண்ணீர், காய்ச்சல், ஐஸ், எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டு உறையை நன்றாகப் பார்த்தார்.

"சரிதான்" என்றார். "அண்ணை தட்டையாக் கட்டேக்கையே எனக்குத் தெரியும், உது நிக்காதெண்டு."

"அப்ப ஏன் அப்பா பேசாமல் இருந்தனீங்கள்?"

"நிண்டிருந்தா, பிறகு கோடைக்கு நான் உன்னை ஏத்திக்கொண்டு ஆத்தில போகவேண்டி வந்திருக்குமெல்லோ. எனக்கு நீந்தத் தெரியாது, பிள்ளை. தண்ணியெண்டாலே பயம். அந்தக் கிழவன் தரேக்க வேண்டாமெண்டு சொல்லவும் இங்கிலீஷ் வரேல்லை. மாரிக்கு முதலே விழுந்திரும் எண்டு நினைச்சன்."

கண்ணாடியைக் கழற்றி உறையை என்னிடம் திருப்பித் தந்தார்.

"நீதான் காலமை காலமை தும்புத்தடியோட போய், உதை ரெண்டு மாசம் இழுத்தடிச்சுப்போட்டாய்."